பெர்கோலாக் கூரை: திருகு ஓட்டையில் ஒழுகல், தகட்டுக்குள் பாசி

வணக்கம் அண்ணே. உங்கள் பெர்கோலாக் கூரையில் (சுவரையொட்டிய பந்தல்) திருகு ஓட்டை ஒழுகுகிறது, தகட்டுக்குள் பாசி பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆயர் ஈத்தாம் ஊர் மழைக்கு 3 மீட்டர் பெர்கோலாவில் பாலிகார்பனேட் தகட்டை (உள்ளே குழல்குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு) சமமட்டமாகப் போட்டால் ஒழுகத்தான் செய்யும். சிலிக்கோன் பூசிப் பூசிப் பயனில்லை, கழற்றுங்கள்.

சுவர்ப் பக்கச் சட்டத்தை 26 செ.மீ. உயர்த்தினால் 5 பாகை சரிவு கிடைக்கும். உள்குழல்கள் சரிவின் திசையிலேயே ஓடவேண்டும். மேல்முனைக்கு அலுமினிய டேப், கீழ்முனைக்குக் காற்றுவிடும் டேப். திறந்த முனைவழி ஈரமும் தூசியும் புகுந்துதான் பாசி பிடித்தது. உள்ளே பிடித்ததைக் கழுவி எடுப்பது சிரமம், புதுத் தகடே மேல்.

3 மீட்டர் தகடு 30 பாகை வெப்ப மாற்றத்தில் சுமார் 6 மி.மீ. நீளும். அதனால் துளையைத் திருகைவிட 3 மி.மீ. பெரிதாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷரோடு திருகுங்கள். வாஷர் நசுங்கும்வரை முறுக்கவேண்டாம். யூவி (புற ஊதாக் கதிர்) தடுப்புப் பூச்சுள்ள பக்கம் மேலே; பாதுகாப்புத் தாளை உரிக்குமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழைச் சத்தம் குறையாது, சொல்லிவிட்டேன்.