கேள்வி – பதில்: கேமராவைக் குத்திய கிதார்

சென்ற இதழில் ரிச்சி பிளாக்மோர் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டோம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதி திட்டு. மீதி, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு எழுதியவை. இரண்டையும் கலந்து தருகிறோம். குறிப்பைப் பார்க்காதவர்களுக்கு: 1945-ல் இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர் ஊரில் பிறந்தவர். டீப் பர்ப்பிள், ரெயின்போ என்ற இரண்டு ஹார்ட் ராக் குழுக்களின் கிதார் கலைஞர். கூட வாசித்தவர்களில் அவரோடு மனஸ்தாபம் இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டின் தொடக்கத்தை முக்கால்வாசிப் பேர் தப்பாக வாசிக்கிறார்கள் என்கிறார் என் கிதார் சார். நிஜமா?
*– கோவை வாசகர்*

நிஜம். அடித் தந்தியில் பவர் கார்டு (இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்துப் பிடிப்பது) பிடித்து, பிக்கால் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) ஓங்கி அடிப்பார்கள். பாட்டு அடையாளம் தெரியும், சத்தம் மட்டும் கனத்துப் போய்விடும். பிளாக்மோர் வாசிப்பது நான்காவது, மூன்றாவது தந்திகளில். இரண்டையும் ஒரே விரலைப் படுக்கவைத்து அழுத்த வேண்டும். ஃபிரெட் (கிதாரின் மெட்டு) வரிசை: 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. பூஜ்யம் என்றால் திறந்த தந்தி.

பவர் கார்டில் ஸ கீழே, ப மேலே. இங்கே தலைகீழ்: ப கீழே, ஸ மேலே. இந்த மாற்றம்தான் அந்த வெற்று, உலோகச் சத்தத்தைத் தருகிறது. ஸ்வரமாகச் சொன்னால் ஸ-க2-ம1, ஸ-க2-ம2-ம1, ஸ-க2-ம1-க2-ஸ. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வருகிற இடத்தில்தான் காது நிமிர்ந்து உட்காருகிறது.

வலது கையில் பிக் வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு தந்தியையும் ஒரே கணத்தில் கிள்ள வேண்டும். பிக்கால் அடித்தால் ஒரு தந்தி முந்தி, ஒன்று பிந்தி ஒலிக்கும். இன்னொரு தப்பு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்துக்கொண்டே போவது. இடது கையைத் தளர்த்தி அவ்வப்போது ஒலியை வெட்டினால்தான் நடுவில் வரும் மௌனம் கேட்கும். இசைத்தட்டில் குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியே விட்டு இதே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் இந்தச் சின்ன மெட்டை, கூடவே வாசிக்கிறார். தனிக் கிதாரில் அந்த எடை வரவில்லையே என்று ஆம்ப்பின் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) திருகிக்கொண்டே போகாதீர்கள்.

அந்தப் பாட்டு வந்ததுமே ஹிட்டா?
*– திருநெல்வேலி வாசகி*

இல்லை. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரம். அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் கூட்டத்தில் ஒருவர் ஃபிளேர் துப்பாக்கி (தீப்பொறிக் குண்டு விடுவது) சுட, காசினோ முழுக்க எரிந்தது. அங்கே ஒலிப்பதிவு செய்யத்தான் டீப் பர்ப்பிள் வந்திருந்தது. ஏரி மேல் புகை படர்ந்ததைப் பார்த்துப் பாட்டு பிறந்தது. அடுத்துப் போன பெவிலியன் அரங்கத்தில் சத்தம் தாங்காமல் போலீஸ் வந்துவிட்டது. ஆனால் ரிஃப் அதற்குள் டேப்பில் ஏறியிருந்தது. 'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972-ல் வெளியானபோது முதல் சிங்கிளாக (தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டு) குழு தேர்ந்தெடுத்தது வேறு பாட்டை. இது அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது 1973-ல், பட்டியலில் 4-ம் இடம். பிளாக்மோருக்கும் பாடகர் இயன் கில்லனுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து, கில்லன் விலகியதும் அதே கோடையில்தான். அதாவது பாட்டு உச்சிக்குப் போகும்போது அதைப் பாடியவர் குழுவில் இல்லை.

டி.வி. கேமராவை உடைத்ததும் மேடையில் தீ வைத்ததும் விளம்பரத்துக்குத்தானே? இதில் கலை எங்கே இருக்கிறது?
*– தஞ்சாவூர் வாசகர்*

தீ திட்டமிட்டது, கேமரா கோபம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1974 ஏப்ரல் 6. கலிபோர்னியாவின் ஒன்டாரியோ கார் பந்தயத் திடலில் 'கலிபோர்னியா ஜாம்' விழா. இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். ஏ.பி.சி. தொலைக்காட்சி படம் பிடிக்கிறது. சூரியன் மறையும் நேரத்தில் மேடையேறுவது என்பது டீப் பர்ப்பிளின் ஏற்பாடு. தங்கள் விளக்கு அமைப்பு பகலில் எடுபடாது என்பதால், கடைசி இடத்தை எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவுக்கு விட்டுக்கொடுத்து இந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ராக் விழாக்களில் நடக்காத அதிசயமாக அன்றைக்கு நிகழ்ச்சி நேரத்துக்கு முன்பே ஓடியது. வெளிச்சம் இருக்கும்போதே ஏறச் சொன்னார்கள். பிளாக்மோர் மறுத்துவிட்டார். மிரட்டல், கெஞ்சல் எதுவும் பலிக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும்தான் வந்தார்.

அடுத்த சண்டை கேமராவோடு. படப்பிடிப்பாளர் அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்துகொண்டே இருந்தார். கடைசிப் பாட்டில், கிதாரின் தலையைத் திருப்பி லென்ஸிலேயே இடித்தார். அதன் பிறகு பெட்ரோல் ஊற்றி வைத்திருந்த ஆம்ப்பைக் கொளுத்தினார்கள். பெட்ரோல் அளவுக்கு மீறிப் போனதால் தீ வெடியாகிவிட்டது. டிரம்ஸ் வாசித்த இயன் பெய்ஸின் மூக்குக் கண்ணாடி பறந்தது. கைதாவதைத் தவிர்க்க ஹெலிகாப்டரில் கிளம்பினார்கள்.

நேர விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கேமரா விஷயத்தில் இல்லை. பெட்ரோல் விஷயத்தில் யாருக்குமே புத்தி இல்லை. நீங்கள் கேட்ட கலை, அந்தப் படத்தின் முதல் பத்து நிமிடத்தில், 'பர்ன்' பாட்டில் இருக்கிறது. உடைப்பதை மட்டும் வெட்டிப் போடுகிறவர்கள் அதைக் காட்டுவதில்லை. துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கவர்டேல், பாடகராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாமல் அந்தக் கூட்டத்தின் முன் நிற்கிறார். அதையும் பாருங்கள்.

கில்லனா, பிளாக்மோரா? யார் பக்கம் தப்பு?
*– சேலம் வாசகர்*

இருவரும் மூன்று முறை சேர்ந்து மூன்று முறை பிரிந்தார்கள். ஒரு கை மட்டும் தட்டினால் அவ்வளவு சத்தம் வராது.

'சைல்ட் இன் டைம்' திருட்டு மெட்டு என்கிறார்களே?
*– புதுச்சேரி வாசகர்*

அதன் ஆர்கன் தொடக்கம், 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' இசையிலிருந்து எடுத்தது. குழுவினரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வேகமாக ஓடுவதை இவர்கள் மெதுவாக்கி, பத்து நிமிடப் பாட்டாக வளர்த்தார்கள். 1970-ல் பிரிட்டனில் 2-ம் இடம் பிடித்த 'பிளாக் நைட்' ரிஃபும் ரிக்கி நெல்சனின் பழைய பதிவு ஒன்றிலிருந்து கிளம்பியதுதான். எடுத்ததை வேறொன்றாக மாற்றினார்கள் என்பது எங்கள் கட்சி. ஆனால் இசைத்தட்டு உறையில் மூலத்துக்கு ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை. ஒரு வேடிக்கை: 1995-ல் டீப் பர்ப்பிள் பம்பாயில் வாசித்த கச்சேரியின் வீடியோவுக்கே 'பாம்பே காலிங்' என்றுதான் பெயர். அதற்குள் பிளாக்மோர் விலகியிருந்தார்.

வீட்டில் 20 வாட் ஆம்ப், ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிதார். எவ்வளவு டிஸ்டார்ஷன் வைத்தாலும் அவர் சத்தம் வரவில்லை. என்ன செய்ய?
*– நாகர்கோவில் வாசகர்*

டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறையுங்கள். அவர் மேடையில் வைத்திருந்தது 200 வாட் மார்ஷல் மேஜர், நான்கு கே.டி.88 வெற்றிடக் குழல்கள். சத்தத்தின் பெரும்பகுதி ஆம்ப்பின் உரத்திலிருந்து வருவது, பெடலிலிருந்து அல்ல. வீட்டில் அந்த உரம் முடியாது. ஆனால் நான்கு விஷயம் முடியும்.

நடு பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) திருகி முடிந்தவரை கீழே இறக்குங்கள். அவர் அதைப் பயன்படுத்துவதே இல்லை, பிக் அதில் இடிக்கும். மெல்லிய பகுதிகளுக்குக் கழுத்துப் பக்க பிக்கப், கூர்மைக்குப் பாலத்துப் பக்க பிக்கப். ஆம்ப்பில் பாஸைக் குறைத்து, முன்னால் ஒரு டிரெபிள் பூஸ்டர் (மேல் ஸ்தாயி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் கருவி) போடுங்கள். அவர் ஆரம்ப வருடங்களில் வைத்திருந்தது ஹார்ன்பி-ஸ்கூஸ் பூஸ்டர். கிதாரின் வால்யூம் குமிழை எப்போதும் 10-ல் வைக்காமல் ரிதமுக்கு 6, சோலோவுக்கு 10 என்று கையாலேயே மாற்றப் பழகுங்கள்.

எழுபதுகளின் நடுவிலிருந்து அய்வா டேப் ரெக்கார்டர் ஒன்றின் வழியாகத்தான் அவர் கிதார் ஆம்ப்புக்குப் போனது. பதியும் தலைக்கும் திருப்பி ஒலிக்கும் தலைக்கும் இடையிலுள்ள தூரம் எக்கோ ஆகும். ரெக்கார்டரின் உள்ளீட்டுச் சுற்று ஒலியைக் கொஞ்சம் தடிமனாக்கும். இன்றைக்கு ஒரு டேப் எக்கோ பெடலை, எக்கோ அளவைக் கேட்டும் கேட்காமலும் வைத்தாலே போதும்.

அவர் கிதாரில் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்திருப்பாராமே. நானும் செய்யலாமா?
*– ஈரோடு வாசகர்*

செய்யலாம், ஆனால் உங்களிடம் உள்ள ஒரே கிதாரில் வேண்டாம். செதுக்கிய மரம் திரும்பி வராது. போல்ட்டால் மாட்டும் மலிவான கழுத்து ஒன்றைத் தனியாக வாங்கி அதில் பழகுங்கள்.

பலன் என்ன? வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தைத் தொடுவதில்லை, தந்தியை இழுப்பது சுலபம். அதே வேலை இங்கேயும். விக்கு விநாயகராமோடு சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லினும் கமகத்துக்காக இப்படிக் குழித்த கிதார்தான் வைத்திருந்தார்.

தந்திகளைக் கழற்றி, கழுத்தைப் பிரித்து, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருகி நேராக்குங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டின் மேலும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே பென்சில் கோடு போட்டு, அரைவட்ட அரத்தால் நடுவிலிருந்து தொடங்குங்கள். நடுவில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் ஆழம் தாராளம். ஃபிரெட்டின் ஓரத்து மரத்தைத் தொடவே கூடாது. அங்கே மரம் போனால் ஃபிரெட்டின் வேர் பிடிப்பை இழந்து ஆடத் தொடங்கும். பிறகு உருளைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி 120, 240, 400 என்ற வரிசையில் தேயுங்கள். மேல் ஃபிரெட்டுகளில் இடம் குறுகல், அங்கே மெல்லிய உருளை வேண்டும். பிளாக்மோருடையதில் தடித்த தந்திப் பக்கம் ஆழம் குறைவு, மெல்லிய தந்திப் பக்கம் அதிகம். வலிக்கிற வேலை, ஆனால் கார்டு பிடிக்க அதுதான் நல்லது. ரோஸ்வுட் என்றால் எண்ணெய் போதும். மேப்பிள் என்றால் லேக்கர் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அழுக்கேறிக் கறுத்துவிடும்.

கெடுவது எங்கே? குறிப் புள்ளிகள் சன்னமானவை, ஆழமாகப் போனால் தேய்ந்து காணாமல் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கை. வழக்கம்போல அழுத்தினால் சுருதி ஏறிவிடும், கார்டுகள் எல்லாம் அபஸ்வரம். முதல் தந்தி 9 என்ற தடிமனில் போட்டிருந்தால் கொஞ்சம் தடித்த 10-க்கு மாறுங்கள். சந்தேகமாக இருந்தால் 12-ம் ஃபிரெட்டுக்கு மேலே மட்டும் குழித்து மூன்று மாதம் வாசித்துப் பார்க்கலாம்.

1975-ல் உச்சத்தில் இருந்த குழுவை விட்டது முட்டாள்தனம் இல்லையா?
*– மதுரை வாசகி*

பணக் கணக்கில் ஆமாம். கவர்டேலும் பாஸ் கிதார் வாசித்த கிளென் ஹியூஸும் குழுவை ஃபங்க், சோல் பக்கம் இழுத்தார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை. தான் பதிய விரும்பிய ஒரு பழைய பாட்டைக் குழு நிராகரித்தது. அதை ரோனி ஜேம்ஸ் டியோ என்ற, உயரத்தில் சிறிய, குரலில் பெரிய பாடகரோடு பதிந்து பார்த்தார். அந்தப் பொறிதான் ரெயின்போ. 1975 ஏப்ரல் 7 பாரிஸ் கச்சேரியோடு கிளம்பினார். டீப் பர்ப்பிள் அடுத்த மார்ச்சில் கலைந்தது.

ரெயின்போவில் கேட்க ஆளில்லாத அதிகாரம் கிடைத்தது. முதல் ஆல்பம் முடிந்ததும் டியோவைத் தவிர எல்லாரையும் மாற்றினார். எட்டு ஸ்டுடியோ ஆல்பங்கள், அடுத்தடுத்த இரண்டில்கூட ஒரே அணி கிடையாது. 1977-ல் வியன்னாவில் காவலரை உதைத்துச் சிறைக்கே போனார். ஆனால் 1976-ன் 'ரைசிங்' ஆல்பம், மொத்தம் 33 நிமிடம், அத்தனை ரகளைக்கும் பதில் சொல்கிறது. அதில் 'ஸ்டார்கேஸர்' சோலோவைக் கேளுங்கள்: ஸ-ரி1-க3-ம1-ப-த1-நி2, நம் வகுளாபரணத்தின் ஸ்வர வரிசை. ராகம் என்று சொல்ல மாட்டோம், சஞ்சாரம் வேறு. ஆனால் கர்நாடக இசை கேட்ட காதுக்கு உள்ளே நுழைய அதுவே நல்ல வாசல்.

அப்புறம் ஏன் பாப் பாட்டுக்குப் போனார்?
*– வேலூர் வாசகர்*

ரேடியோவில் வர வேண்டும், அமெரிக்காவில் விற்க வேண்டும். டியோ ஒத்துக்கொள்ளாமல் 1979-ல் பிரிந்து, பிளாக் சபாத்தில் சேர்ந்தார். குட்டை முடியும் பூப்போட்ட சட்டையுமாக கிரஹாம் பானெட் பாடகராக வந்தார். 'சின்ஸ் யூ பீன் கான்' பிரிட்டனில் 6-ம் இடம், 1981-ல் ஜோ லின் டர்னர் பாடிய 'ஐ சரண்டர்' 3-ம் இடம். 1980-ல் டானிங்டனின் முதல் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் ரெயின்போதான் கடைசி நிகழ்ச்சி. அமெரிக்கா மட்டும் கடைசி வரை முழுதாக வசப்படவில்லை. 'ஸ்டோன் கோல்ட்' 40-ம் இடத்தைத் தொட்டதோடு சரி.

1984-ல் பழைய டீப் பர்ப்பிளோடு சேர்ந்தாரே, ஏன் நிலைக்கவில்லை?
*– காரைக்குடி வாசகர்*

'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' நன்றாகவே விற்றது. பிறகு பழைய புண் திறந்தது. 1989-ல் கில்லனை வெளியேற்றி, டர்னரைக் கூட்டி வந்தார். ரசிகர்கள் அதை ரெயின்போ என்றே கேலி செய்தார்கள். குழுவின் 25-ம் ஆண்டுக்காக கில்லன் திரும்ப அழைக்கப்பட்டது பிளாக்மோருக்குச் சம்மதமில்லை. 1993 நவம்பர் 9, பர்மிங்ஹாமில் படப்பிடிப்பு. முதல் பாட்டு பாதி ஓடிய பின் மேடைக்கு வந்து, கேமராக்காரர் பக்கம் தண்ணீரை வீசினார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் அதே எதிரி! நவம்பர் 17 ஹெல்சிங்கி கச்சேரியோடு கிளம்பிவிட்டார். அடுத்த மாத ஜப்பான் பயணத்துக்கு அவர் இடத்தில் கிதார் வாசிக்க ஜோ சாட்ரியானி வந்தார், அடுத்து ஸ்டீவ் மோர்ஸ்.

பிறகு என்ன ஆனார்?
*– யாழ்ப்பாண வாசகர்*

1997-ல் பாடகி கேண்டிஸ் நைட்டோடு 'பிளாக்மோர்ஸ் நைட்' தொடங்கினார். மறுமலர்ச்சிக் கால உடை, அக்கூஸ்டிக் கிதார், மாண்டோலா, ஹர்டி-கர்டி (கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம்), ஜெர்மனியின் பழைய கோட்டைகளில் கச்சேரி. 2008-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 2016-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் டீப் பர்ப்பிளைச் சேர்த்துக்கொண்டபோது விழாவுக்கு அவர் போகவில்லை. அதே வருடம் ஜூனில் ரெயின்போ பெயரில் ஜெர்மனியில் இரண்டு, பர்மிங்ஹாமில் ஒன்று என மூன்று கச்சேரி வாசித்தார். மேடையேறும்போது வெளிச்சமா இருட்டா என்று கேட்டு இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. அதற்குப் பதில் அடுத்த இதழில்.