கட்டர் பிடிக்கிற கை ராத்திரியில் மரத்துப்போகிறது

கேள்வி: அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருடமாக நூல் பிசிறு வெட்டுகிறேன். வயது 38. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ராத்திரி மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் 'வீட்டு வேலையால் வந்தது' என்கிறார். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: சுண்டுவிரலில் ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நாள் முழுக்கக் கட்டரை அழுத்தினால் உள்ளே வீங்கி நரம்பை நெருக்கும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. 'கார்ப்பல் டனல்' என்றுதான் தோன்றுகிறது. நரம்புக் கடத்தல் சோதனையில் உறுதியாகும். சர்க்கரை, தைராய்டும் பாருங்கள், அவற்றாலும் இது வரும்.

ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் கட்டிக்கொண்டு படுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கட்டைவிரலடி சதைமேடு மெலிந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம்.

சரி, நஷ்டஈடு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா? பிடித்தால் கம்பெனியிடம் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அதிர்வால் வரும் நரம்பு, தசை நோய்கள் இருக்கின்றன. நூல் வெட்டி வரும் இந்த நோய் பெயர் சொல்லி இல்லை. அதனால் வேலையால்தான் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இ.எஸ்.ஐ. இருந்தால், சிகிச்சைக்கும் நோய் விடுப்புக்கும் அந்த நிரூபணமே வேண்டாம். சந்தா நாட்கள் (சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்த நாட்கள்) போதுமான அளவு இருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும்.

சூப்பர்வைசர் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் துணி பிழிவது பத்து நிமிடம். கட்டர் எட்டு மணி நேரம். ஆனால் இப்படி வருகிறவர்களின் பழைய ஆஸ்பத்திரி சீட்டுகளைப் புரட்டினால் 'கை வலி' என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன வேலை என்று டாக்டரும் கேட்டிருக்க மாட்டார், இவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. நீங்கள் முதல் நாளே சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், லீவு நாளில் வலி குறைகிறதா. சீட்டில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகம், அப்புறம் அங்கிருந்து அயனாவரம் அல்லது கே.கே.நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போகும்போது அந்தக் கட்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் பிடித்தே காட்டலாம்.