இரண்டாவது வேலை எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வயது முப்பத்து நான்கு. இயந்திர வடிவமைப்பில் இருக்கிறேன். இரண்டு நகரங்களிலிருந்து வேலை வந்திருக்கிறது. முதல் நகரத்தில் இப்போதைய சம்பளத்தைவிட 40 சதம் அதிகம், வீட்டு வாடகை பாதிதான். அங்கே ஒரு பெரிய வாகன ஆலை உண்டு. என்னைக் கூப்பிடுவது அதற்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனம். இரண்டாவது நகரத்தில் 10 சதம்தான் கூடும், அதையும் வாடகை தின்றுவிடும். வேலையின்மை, தனிநபர் வருமானம், வளர்ச்சி வீதம், வரி, விலைவாசி என்று 14 வரிசை வைத்து ஓர் அட்டவணை போட்டேன். முதல் நகரத்துக்கு 71 மதிப்பெண், இரண்டாவதற்கு 58. ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. எதற்குக் கூடுதல் எடை தருவது, வேலையின்மைக்கா, தனிநபர் வருமானத்துக்கா? என் மனைவி கணக்காளர். அவளுக்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.’ இதையே நானும் ஒருகாலத்தில் சொன்னவன்தான். போன வாரம் பழைய தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தபோது அந்தக் காலத்து வாடகை ஒப்பந்தம் ஒன்று கையில் சிக்கியது. அதிலிருந்து அந்த ஊர்தான் மனதில் ஓடுகிறது. உங்கள் கடிதமும் சரியாக வந்து சேர்ந்தது.

முதலில் எடை விவகாரத்தை முடித்துவிடுவோம். வளர்ச்சி வீதத்தை அடித்துவிடுங்கள். 2015-இல் அயர்லாந்து 26 சதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கில் அந்த நாட்டுக்கு மாற்றியதில் பெரும்பகுதி வந்த எண் அது, ஊரார் கைக்கு வந்த பணம் அல்ல. ஒரு நாட்டுக்கே இப்படியென்றால் ஒற்றை ஆலை இருக்கும் ஊரின் வளர்ச்சி எண் எதைச் சொல்லிவிடும்? தனிநபர் வருமானமும் அதே ரகம். வேலையின்மை விகிதம் இன்னும் மோசம். வேலை தேடுகிறவர்களைத்தான் அதில் எண்ணுவார்கள். தேடி அலுத்து நிறுத்தியவரும், மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியவரும் கணக்கில் வரமாட்டார்கள். ஊர் காலியாகிக்கொண்டிருக்கும்போதே விகிதம் அழகாகிக்கொண்டு போகலாம். வரியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, விடுங்கள்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது. ஒன்றரை மடங்கு சம்பளத்துக்கு ஓர் ஊருக்குப் போனேன். அங்கேயும் ஒரு பெரிய ஆலை. ஆனால் நான் அதில் வேலை பார்க்கவில்லை, அச்சகத்தில் இருந்தேன். அதனால் ஆலையின் நன்மை தீமை என்னைத் தொடாது என்று நிம்மதியாக நினைத்துக்கொண்டேன். வீடு பார்த்த அன்று, நான் வாய் திறக்கும் முன்பே வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்தார். அந்தத் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கியது. அதை என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அந்த அளவுக்குக் கெட்டிக்காரன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தையல்காரர். ஆலைச் சீருடைதான் அவர் தைத்ததெல்லாம். எப்போது போனாலும் கொடியில் ஒரே நீலத்தில் சட்டைகள், சட்டைப்பை மேல் ஆலையின் முத்திரை. இரண்டாம் வருடம் ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து அவர் அந்த நீலத் துணியில் கைப்பை தைத்துக்கொண்டிருந்தார். சட்டையே தைத்து வெளியே விற்கலாமே என்றேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இந்த நீலத்தை இனிமே இந்த ஊர்ல யார் சார் போடுவா?” என்றார். அடுத்த வாரம் எங்கள் அச்சகத்தில் ஆள் குறைத்தார்கள். நாங்கள் அடித்துக்கொண்டிருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஆலையின் ரசீதும் படிவமும்தான் என்பதை அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். உங்கள் உதிரிபாக நிறுவனத்துக்கு வேறு எத்தனை வாடிக்கையாளர்கள் என்று கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள்.

மலிவான வாடகையை வரவாக எழுதியிருக்கிறீர்கள். பல ஊர்களில் அது வரவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் மலிவு என்று ஒருதரம் கேட்க வேண்டும். தாராளமாக வீடு கட்டுவதால் மலிவா, ஆட்கள் போய்விட்டதால் மலிவா? எட்வர்ட் கிளேசர், ஜோசப் ஜியோர்கோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2005-இல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார்கள். தொழில் போனால் ஆள் போய்விடலாம், வீடு எங்கே போகும்? அதனால் தேயும் ஊரில் வீட்டு விலை கட்டிய செலவுக்கும் கீழே விழும். அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில் 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த நகராட்சி 2013-இல் திவால் மனு கொடுத்தது. 2020 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பேர்கூட இல்லை.

சரி, இப்போது உங்கள் மனைவி. என் கோபம் இங்கேதான். இயந்திரத்தையே பிரித்துப் போட்டு வரையத் தெரிந்த மனிதர் நீங்கள். 14 வரிசை போட்டவருக்கு, ஒரே வீட்டுக்குள் வரும் இன்னொரு சம்பளத்துக்கு ஒரு வரிசை போடத் தோன்றவில்லையா? பேச்சுக்கு, உங்கள் இருவர் சம்பளமும் ஆளுக்கு 100, வாடகை 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நகரத்தில் உங்களுக்கு 140. அவருக்கு வேலை கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வருவது அவ்வளவுதான். வாடகை 20 போக மிச்சம் 120. இரண்டாவது நகரத்தில் உங்களுக்கு 110, அவருக்கு அதே 100. வாடகை 50 போக மிச்சம் 160. எங்கே போயிற்று உங்கள் 71 மதிப்பெண்?

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-இலேயே எழுதிவிட்டார். இரும்பு வேலை மட்டுமே இருந்து, பெண்களுக்கு வேலை தரும் நெசவாலை போன்றவை இல்லாத வட்டாரங்களில் கூலி உயர்வாக இருக்கும், ஆனால் குடும்பத்தின் சராசரி வருமானம் குறைவாக இருக்கும் என்றார். ஒரே தொழிலை நம்பிய வட்டாரம் அந்தப் பொருளுக்குத் தேவை குறைந்தால் பலமாக அடிபடும் என்பதையும் அதே இடத்தில் சொன்னார். இரண்டுக்கும் அவர் காட்டிய மருந்து ஒன்றுதான்: பக்கத்திலேயே வேறு வகைத் தொழில்கள்.

என் மனைவி நூலகர். அந்த ஊரில் இருந்த ஒரே நூலகத்தில் காலியிடம் வரும் வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்தார். ஒரு நாள்கூடக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது மேசைமேல் எங்கள் சொந்தப் புத்தகங்கள் அகரவரிசையில் அடுக்கியிருக்கும். மறுநாள் அதையே பொருள்வாரியாக மாற்றி அடுக்கியிருப்பார். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சியாட்டிலைச் சொல்லி யாராவது உங்களை மடக்குவார்கள். விமானம் செய்யும் போயிங் என்ற ஒற்றை நிறுவனத்தை நம்பிய அமெரிக்க ஊர் அது. 1967-இல் ஒரு லட்சத்தைத் தொட்டிருந்த போயிங் ஊழியர் எண்ணிக்கை 1971-இல் நாற்பதாயிரத்துக்கும் கீழே போனது. ‘சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போவாரா?’ என்று வீட்டுமனைத் தரகர்கள் இருவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பலகையே வைத்தார்கள். அப்புறம் 1979 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பக்கம் வந்தது, ஊர் எழுந்தது. உண்மைதான். நடுவில் எட்டு வருடம். உங்கள் வீட்டு வாடகை அத்தனை நாள் காத்திருக்குமா?

எந்த நகரம் என்றுதானே கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? அட்டவணையை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். பதினைந்தாவது வரிசையை அவர் நிரப்பட்டும்: ஒவ்வொரு ஊரிலும் அவர் விண்ணப்பிக்கக்கூடிய நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் அந்த ஆலையின் பணத்தில் ஓடாதவை எத்தனை. பதினாறாவது உங்களுடையது. முதலாளி நாளை கதவைச் சாத்தினால், வீடு மாற்றாமல் நீங்கள் போகக்கூடிய அடுத்த வேலை எங்கே? பெயர் பெயராக எழுதுங்கள், மதிப்பெண் வேண்டாம். முதல் நகரத்திலும் பத்துப் பெயர் தேறினால் தாராளமாகப் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

அப்புறம், அந்த உதிரிபாக நிறுவனத்துக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, வாடிக்கையாளர்கள் யார் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையும் எனக்கு எழுதுங்கள்.