லண்டன் வர்றவங்க தெக்குக் கடற்கரை ஊரான பெக்ஸ்ஹில் போய், டி லா வார் பெவிலியன்ங்கற பழைய பொது அரங்கக் கட்டடத்தப் பாக்கலாமா, இல்ல வேஸ்ட்டா?

ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கெளம்புற ஆளுன்னா வேஸ்ட்தான், பேசாம பிரைட்டன் போங்க. கேள்வியப் பாத்தா கூட வர்றவங்க யாரோ முனகுறாங்கபோல, எனக்கும் அதே கதைதான்.

அக்காவும் மாமாவும் மதுரைல இருந்து வந்தப்போ கூட்டிட்டுப் போனேன். மாமா வாசல்லயே நின்னுட்டு, "ஏன் மாப்ள, இதுக்கா ரெண்டு மணி நேரம் ட்ரெயின்ல உக்கார வச்ச? நம்மூரு பஸ் ஸ்டாண்டு மாதிரில்ல இருக்கு"ன்னாரு. சுருக்குனு இருந்துச்சு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, வெள்ளையடிச்ச நீளப் பெட்டி, தட்டை மாடி, நாம பாக்காததா? ஆனா இது 1935ல தொறந்தது சாமி, அன்னிக்கு அங்க அது புதுசு.

நான் ஸ்டீல் டீட்டெய்லிங் பண்றவன், அதாவது கட்டடத்தோட இரும்புச் சட்டத்துக்கு டிராயிங் போடறவன், ஒரு பக்கமாத்தான் பேசுவேன், ஆர்க்கிடெக்ட்டுங்க சண்டைக்கு வராதீங்க. அப்பல்லாம் ஸ்டீல் ஃப்ரேம்னா பெரும்பாலும் ரிவெட்தான், அதாவது ஓட்டை போட்டு குண்டுத்தலை ஆணி அடிச்சு இணைக்கறது. இங்க வெல்டிங். பிரிட்டன்ல அப்படி வந்த முதல் பெரிய கட்டடங்கள்ல இது ஒண்ணு. ஜாயிண்ட்ல பிளேட்டும் ரிவெட் தலையுமா துருத்திக்கிட்டு நிக்காது, ஃப்ரேம் ஒல்லியா வரும், அதான் கடல் பக்கம் அவ்ளோ கண்ணாடி.

இந்தக் கட்டடத்துக்குப் போட்டி வச்சு, வந்த 230க்கு மேலான டிசைன்ல 1934ல ஜெயிச்சது ஹிட்லருக்குத் தப்பி வந்த எரிக் மெண்டெல்சோனும், ரஷ்யால பொறந்த செர்ஜ் செர்மயேஃபும். வெளிநாட்டுக்காரனுக்குக் குடுத்துட்டாங்கன்னு சில பேர் கத்தினது தனிக்கதை. எல்லாரும் இந்த ரெண்டு பேரத்தான் சொல்வாங்க, ஃப்ரேம் டிசைன் பண்ண இன்ஜினியர் ஃபெலிக்ஸ் சாமுவெலின்னு ஒருத்தர், அவர எவன் சொல்றான்? இது பொறாமைன்னு கமெண்ட்ல வருவீங்க, இருக்கட்டும். முன்ன வேலை பாத்த கம்பெனில ஒரு மால் கூரைக்கு நாலு மாசம் ராத்திரி பகலா டிராயிங் போட்டேன், தொறப்பு விழா அழைப்பிதழ்ல கேட்டரிங்காரர் பேரு கூட இருந்துச்சு, எங்க டீம் பேரு இல்ல. அந்தக் கடைசி மாச ஓவர்டைமும் இன்னும் வரல, சரி விடுங்க.

தெக்குப் பக்கப் படிக்கட்ட மட்டும் விட்றாதீங்க. வளைஞ்ச கண்ணாடிக் கூண்டுக்குள்ள சுத்திச் சுத்தி ஏறுது, நடுவுல மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கம்பில குரோம் தட்டு தட்டா லைட் தொங்குது. கீழ நின்னு அண்ணாந்து பாருங்க. நான் அப்படி நின்னுட்டிருந்தப்போ மாமா காஃபி வெலய ரூபாய்க்கு மாத்திக்கிட்டிருந்தாரு.

உள்ள போக டிக்கெட் இல்ல. நாங்க போனன்னிக்கு ஷோ இல்லாததால தியேட்டர் ஹால் பூட்டியிருந்துச்சு, பாத்து ஷோ இருக்கற நாளாப் போங்க. ஞாயித்துக்கிழமைன்னா ட்ரெயின் ஓடுதான்னு மொதல்ல செக் பண்ணிக்குங்க.