மே மாதமா, டிசம்பரா? தாய்லாந்துக் கடலும் நம் குழந்தைகளும்: கேள்வி-பதில்

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி தாய்லாந்தைப் பற்றித்தான். ஹோட்டலில் இட்லி கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

மே மாதப் பள்ளி விடுமுறைக்கு புக்கெட் போகிறோம். பிள்ளைகளுக்கு 4 வயது, 7 வயது. கடற்கரை ஹோட்டலில் பாதி விலைக்கு அறை கிடைத்தது. சரியான தேர்வுதானா?

பாதி விலைக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? புக்கெட்டின் புகழ்பெற்ற கடற்கரைகள் எல்லாம் அந்தமான் கடலைப் பார்த்து மேற்கு நோக்கி இருக்கின்றன. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அவற்றின் முகத்தில் அறைகிறது. கரையில் சிவப்புக் கொடி பறக்கும். அப்படியென்றால் முழங்கால் அளவுக்குக்கூட இறங்கக் கூடாது என்று பொருள்.

‘மழையில் நனைந்தால் என்ன?’ என்பார்கள் சிலர். எனக்கு மழையைப் பற்றிக் கவலை இல்லை, அலையிழுப்பைப் பற்றித்தான். கரையில் மோதிய தண்ணீர் கடலுக்குத் திரும்ப ஒரு வாய்க்கால் போன்ற வழியைத் தேடிக்கொள்ளும். அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்கும்போது நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாக, சற்றே கருத்துத் தெரியும். ‘இங்கேதான் அலை இல்லை’ என்று பெற்றோர் குழந்தையை இறக்கிவிடுவது சரியாக அந்த இடத்தில்தான். சிக்கியவர் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லித் தருவீர்கள்?

முன்பதிவை மாற்ற முடிந்தால், கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சாமுய் தீவுக்கு மாற்றுங்கள். மே மாதத்தில் அங்கே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அரையாண்டு விடுமுறைக்குக் கணக்கு அப்படியே தலைகீழ்: டிசம்பர் கடைசியில் புக்கெட் கடல் கண்ணாடிபோல் இருக்கும், சாமுயில் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் இருக்கும். காலாண்டு விடுமுறைக்கு மட்டும் புக்கெட் வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் அங்கே மழை உச்சம்.

மாற்றவே முடியாதென்றால் ஹோட்டல் நீச்சல் குளமே கதி. கடலில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

கையில் மாட்டும் காற்றடைத்த மிதவை போதுமா?

போதாது. அது விளையாட்டுச் சாமான். கரையிலிருந்து கடல்பக்கம் காற்று வீசினால் குழந்தையையும் சேர்த்துக் கொண்டுபோகும். உங்கள் கை எட்டும் தூரத்தில் குழந்தை இருக்க வேண்டும், அந்தக் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.

ஐந்து மாதக் குழந்தைக்கு எந்த சன்ஸ்கிரீன் நல்லது?

ஆறு மாதம் ஆகும்வரை நிழலும் பருத்திச் சட்டையும் தொப்பியும்தான் சன்ஸ்கிரீன். புக்கெட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நய் யாங் கடற்கரையில் சவுக்கு மரங்கள் கரையோரமாகவே நிற்கின்றன. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான்.

மூத்த பிள்ளைக்கு வாங்கும்போது டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு, பவளப்பாறைகளைக் காக்க, தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை இருக்கிறது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. துத்தநாக ஆக்சைடு கலந்தது என்றால் பிரச்சினை இல்லை.

இன்னொன்று: அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முந்தியது. இங்கே ஏழு மணிக்கு விழிக்கும் பிள்ளை அங்கே எட்டரைக்கு விழிக்கும். குளிப்பாட்டி, சாப்பிடவைத்துக் கரைக்குப் போவதற்குள் பத்தாகிவிடும், மணல் கொதிக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சீக்கிரம் எழுப்பிப் பழக்குங்கள்.

ஜெல்லி மீன் கொட்டினால்?

நம் மீனவர்கள் ‘சொறி’ என்பார்களே, அதுதான். ஆனால் சாமுய், பங்கன் தீவுப் பக்கம் உயிருக்கே ஆபத்தான பெட்டி வடிவ ஜெல்லி மீனும் உண்டு. அதனால் அங்கே பல கரைகளில் கம்பத்தில் வினிகர் புட்டி மாட்டி வைத்திருக்கிறார்கள். கொட்டிய இடத்தில் குறைந்தது அரை நிமிடம் வினிகரை ஊற்றுங்கள். மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீரால் கழுவவோ கூடாது, விஷம் இன்னும் இறங்கும். மூச்சுத் திணறினாலோ குழந்தை துவண்டாலோ உடனே 1669-ஐ அழையுங்கள், அது அங்கே அவசர மருத்துவ எண். உடம்பை முழுதும் மூடும் நீச்சலுடை வெயிலுக்கும் ஆகும், இதற்கும் ஆகும்.

நாங்கள் சைவம். குழந்தை காரமும் தின்னாது.

சுத்த சைவத்தைக் குறிக்கும் ‘ஜே’ என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் அதை எழுதித் தொங்கவிட்ட கடையில் மீன் சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள், பூண்டும் வெங்காயமும் கிடையாது. வெறுமனே ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டால் மீன் சாறு ஊற்றிய காய்கறிதான் வரும். ‘மாய் பெட்’ என்றால் காரம் வேண்டாம். நம்புவதற்கு முன் நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையோடு பீ பீ தீவுகளில் இருக்கும் மாயா விரிகுடாவுக்கு விரைவுப் படகில் போகலாமா?

வேண்டாம். முதுகெலும்பு அதிரும் பயணம். போய்ச் சேர்ந்தாலும் அங்கே நீந்த அனுமதி இல்லை. பவளம் மீள்வதற்காக 2018-இல் மூடி 2022-இல் திறந்த இடம் அது.

சுனாமியை நினைத்து மாமியார் பயப்படுகிறார்.

2004-ஐப் பார்த்தவர்கள் பயப்படுவதில் தவறில்லை. அன்று புக்கெட்டின் மை காவ் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்து பெற்றோரை எச்சரித்தாள். கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். இப்போது எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, மேட்டுக்குப் போகும் வழியைக் காட்டும் பலகைகளும் இருக்கின்றன. முதல் நாள் மாலை மாமியாரோடு அந்த வழியில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.

மூன்று வயது மகள் அலையைக் கண்டாலே அலறுகிறாள். செலவெல்லாம் வீண்தானா?

தூக்கிக்கொண்டு போய் முக்காதீர்கள். என் மகளும் மூன்று நாள் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. நண்டு வளைகளைச் சுற்றிக் கிடக்கும் மணல் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் செருப்புக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அலை வந்து ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று. அதைத் துரத்திக்கொண்டு அவளே இறங்கினாள்.