கழுத்துத் தேய்மானத்தால் காது மந்தமாகுமா?

கேள்வி: எனக்கு வயது 58. கழுத்தெலும்பில் தேய்மானம் இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. சில மாதங்களாக வலது காது மந்தமாகி, ‘ஙொய்’ என்று இரைச்சலும் கேட்கிறது. கழுத்துக்குச் சிகிச்சை எடுத்தால் காது சரியாகிவிடுமா?

பதில்: அப்படி நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வயதில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் ஓரளவு தேய்மானம் தெரியத்தான் செய்யும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அறிக்கையில் அது ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு வரும் தலைசுற்றல், காது மந்தம் என எல்லாப் பழியும் கழுத்தின் தலையில்தான் விழுகிறது.

செவிநரம்பு கழுத்துப் பக்கம் வருவதே இல்லை. உட்காதில் தொடங்கி, மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டைச் சேர்ந்துவிடுகிறது. தேய்மானம் அதிகம் காணப்படும் 5, 6, 7ஆம் கழுத்தெலும்புகளுக்கு நடுவே அழுந்துபவை கைக்குப் போகும் நரம்புகள். கை மரத்துப்போனால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. கழுத்தெலும்புத் துளைகளின் வழியே மேலேறும் தமனிகளின் கிளைதான் உட்காதுக்கு ரத்தம் தருகிறது என்பது உண்மை. ஆனால் தேய்மானத்தால் எலும்பில் முள்போல் வளரும் புடைப்பு தமனியை நெருக்கி, காது மட்டும் கெடுவது மிக அபூர்வம்.

இரைச்சல் சற்று வேறு விஷயம். கழுத்தைத் திருப்பும்போதோ தாடையை இறுக்கும்போதோ சிலருக்கு அது கூடும், குறையும். அவர்களுக்குக் கழுத்துப் பயிற்சி இரைச்சலைத் தணிக்கலாம். கேட்கும் திறனைத் திருப்பித் தராது.

எனக்கு உறுத்துவது, ஒரு காது மட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். முதுமையால் வரும் மந்தம் பெரும்பாலும் இரண்டு காதுகளிலும் வரும். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குறும்பி அடைப்பு என்றால் எளிதில் தீர்ந்துவிடும். இல்லையேல் ஆடியோகிராம் எனும் கேட்கும் திறனை அளக்கும் வரைபடம் எடுப்பார்கள். அதில் சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. காற்று வழியாகக் கேட்பது, எலும்பு வழியாகக் கேட்பது இரண்டுமே ஒருசேர இறங்கியிருந்தால், கோளாறு உட்காதிலோ நரம்பிலோ இருக்கிறது. செவிநரம்பு உறையில் வளரும் புற்றல்லாத கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க அப்போது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். கழுத்துக்கு எடுத்த பழைய எம்.ஆர்.ஐ. இதற்கு உதவாது. கழுத்து வலிக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை அதிகம் விழுங்கினால் அதையும் சொல்லுங்கள். அவற்றாலும் இரைச்சல் வரும்.

ஏதாவது ஒரு காது ஓரிரு நாளில் திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கூடவே முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.