கோடை விடுமுறையில் ஓவிய ஆசிரியர்: கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் 26 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடுமுறை குறித்து நீலகிரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

குன்னூர் ஆசிரியை: கரும்பலகையிலும் ஆண்டுவிழா மேடையிலும் வரைந்து கை சலித்துவிட்டது. தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை. இது தவறா?

தவறே இல்லை, அம்மா. ஆண்டு முழுதும் பிறர் கேட்டதையே வரைந்த கைக்குப் பத்து நாளாவது ஓய்வு வேண்டும். அதன்பின் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் விடியற்காலையில் அரைமணி நேரம், எவருக்கும் காட்ட வேண்டியிராத ஒரு நோட்டில் வரையுங்கள். ஒரு மே மாதம் முழுவதும் நான் பேருந்து நிறுத்தத்துச் சில்வர் ஓக் மரத்தை மட்டுமே வரைந்தேன். இலையின் அடிப்புறம் வெள்ளி நிறமாக இருப்பதால், காற்று திரும்பும்போதெல்லாம் மரத்தின் நிறமே மாறுகிறது. எத்தனையோ ஆண்டுகள் அதனடியில் நின்றும் நான் அதைக் கவனித்ததில்லை. ஜூனில் வகுப்புக்குள் நுழைந்தபோது, பிள்ளைகளிடம் சொல்ல எனக்கென்று ஒன்று இருந்தது.

பகுதிநேர ஆசிரியர்: ஐயா, மே மாதம் எனக்குச் சம்பளம் இல்லை. கோடை வகுப்பு எடுத்தே ஆகவேண்டும். ஓய்வுக்கு எங்கே போவது?

வகுப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காலையில் மட்டும் எடுங்கள். அதே பாடங்களைப் பள்ளிக்கும் கொண்டுசெல்லுமாறு அமைத்துக்கொண்டால் ஜூன் மாதச் சுமை பாதியாகும்.

உதகை ஆசிரியை: நம் மலைப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலையும் குறும்பர்களின் ஓவியத்தையும் வகுப்பில் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்ற காலம் விடுமுறைதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலில், துணியில் கோடு எதுவும் போடாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். அனுமதி கேட்டு ஒரு தோடர் பெண்மணியின் அருகில் அரைநாள் அமர்ந்து பார்த்தால், இழைகளைப் போலக் கட்டங்களை எண்ணி வரையும் கட்டத்தாள் பாடம் தானாகவே உருவாகும். வடிவத்தை மட்டும் பார்த்துப் படியெடுத்து வந்து பிள்ளைகளிடம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். குறும்பர்களும் வேங்கை மரப்பால் போன்றவற்றால் தாமே வண்ணம் செய்துகொள்ளும் மரபினர்; அதையும் அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

கூடலூர் ஆசிரியர்: வண்ணம் வாங்கப் பள்ளியில் பணமில்லை.

நம் மலையில் தேயிலைக்கா பஞ்சம்? மட்டமான தேயிலைத் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி வடிகட்டுங்கள். துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறவைத்து, அந்நீரைச் சில சொட்டுகள் விட்டால், தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கண்ணெதிரே கருமையாகும். கருவேலம் பிசின் கரைசல் சிறிது கலந்தால் தூரிகைக்கு ஏற்ற மை கிடைக்கும். அது நாளடைவில் தாளை அரிக்குமாதலால், பாதுகாத்து வைக்கவேண்டிய படங்களுக்கு வேண்டாம். செம்மண்ணை நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை இறுத்துத் தெளியவைத்தால், வண்டலே நல்ல காவி வண்ணம்.

குந்தா ஆசிரியை: தென்மேற்குப் பருவமழையில் தாள் நமுத்து, வண்ணம் பரவிவிடுகிறது.

ஈரம் புகுந்த தாளில், வண்ணத்தை மேலேயே நிறுத்தும் பசைப்பூச்சு கெட்டு, வண்ணம் உள்ளே இறங்கிவிடும். பிறகு உலர்த்தினாலும் அது சரியாவதில்லை. ஆகவே மே மாத வெயிலிலேயே அலமாரியைக் காலி செய்து காயவையுங்கள். தாள்கட்டுகளைப் பாலித்தீன் உறையிலிட்டு வாயை ஒட்டி, சுவரைத் தொடாமல் பலகைமேல் படுக்கையாக அடுக்குங்கள். வாரத்துக்கு வேண்டிய தாளை மட்டும் வெளியே எடுங்கள். ஜூலை வரை நீர்வண்ணத்தைத் தள்ளிவைத்துப் பென்சில், கரி, கிரேயான் பாடங்களை முதலில் நடத்துங்கள்.